பிரான்ஸ்டனிலிருந்து லண்டனுக்கு நேரோபோட் ஓட்டி வருவது: கிளம்புமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஹாரோ_வாசி | செவ்வாய், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். இங்கே கால்வாய்ப் படகு வைத்திருப்பவர்கள் சிலர் இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு பழைய நேரோபோட், அதாவது ஒடுங்கிய கால்வாய்ப் படகு, வாங்கினோம். 57 அடி நீளம், 1998இல் கட்டியது, 38 குதிரைத்திறன் டீசல் என்ஜின். இப்போது நார்தாம்ப்டன்ஷயரில், பிரான்ஸ்டனில் நிற்கிறது. அக்டோபர் நடுவில் நானும் என் மைத்துனரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிராண்ட் யூனியன் கால்வாய் வழியாக லண்டனின் லிட்டில் வெனிஸ் வரை ஓட்டி வருவதாக இருக்கிறோம். ஏழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். வாடகைப் படகில் ஒரு வார இறுதி ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. அவர் கோயம்புத்தூரில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர், ஸ்பானர் பிடிக்கத் தெரியும்.

வாங்குமுன் சர்வே எடுத்தோம். பக்கத்தகட்டில் மிகக் குறைந்த இடம் 5.1 மி.மீ. என்று வந்தது, காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.

என் கவலைகள் இவை. பிளிஸ்வர்த் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் நீளமாம், உள்ளே எதிரே படகு வந்தால் என்ன செய்வது? சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்புவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. என்ஜினுக்கு எந்த ஆயில் நல்லது? இருட்டியபிறகு ஓட்டலாமா? லைஃப் ஜாக்கெட் எந்த வகை வாங்க வேண்டும்? விற்றவர், என்ஜின் அறையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், பம்ப் தானாக எடுத்து வெளியே விட்டுவிடும், கவலைப்பட வேண்டாம் என்றார்.

அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கல்லூரிச்சாலை | செவ்வாய், இரவு 10:15

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாமே? கிரேன் செலவு, லாரி வாடகை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு பேருக்கு விடுப்பு மிச்சம்.


தூத்துக்குடி_ஃபிட்டர் | புதன், காலை 6:20

லாரியில் கொண்டுவரலாம். கல்யாணத்துக்குப் போகாமல் மொய்யை மட்டும் அனுப்பவும் செய்யலாம். தம்பி ஓட்டி வர ஆசைப்படுகிறார், விடுங்கள்.

தம்பி, உங்கள் கவலைப் பட்டியலில் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கொஞ்சம் தண்ணீர் என்று, எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் பிறகு வருகிறேன். நான் தூத்துக்குடியில் விசைப்படகு என்ஜின்களோடு இளமையைக் கழித்தவன், இப்போது லெய்ட்டன் பஸ்ஸர்டு பக்கம் நேரோபோட்டில் இருக்கிறேன். கடலில் படகை அலை கவிழ்க்கும், புயல் அடிக்கும். நாலடி ஆழமுள்ள இந்தக் கால்வாயில் அலையும் இல்லை, புயலுக்கும் வேலை இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் இங்கே படகுகள் மூழ்குகின்றன. பெரும்பாலும் மூழ்கும் வழிகள் மூன்று: கிளாண்ட், வீட் ஹாட்ச், லாக்கின் சில். இந்த மூன்றையும் புரிந்துகொண்டுவிட்டால் சுரங்கம், சுக்கான் எல்லாம் பொழுதுபோக்கு.

முதலில் அந்தத் தண்ணீர். என்ஜின் அறைக்குள் தண்ணீர் நான்கு இடங்களிலிருந்து வரலாம். மேலே தளப்பலகை இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். தண்ணீருக்குள் படகை உந்தும் விசிறியைச் சுற்றும் ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் கிளாண்ட் வழியாகக் கால்வாய்த் தண்ணீர் கசியும். குளிர்விக்கும் சுற்றில் ஓட்டை இருந்தால் கூலன்ட் ஒழுகும். வெந்நீர்த் தொட்டியிலோ குழாய் இணைப்பிலோ பழுது என்றால் குடிதண்ணீர். எது என்று தெரியாமல் பம்ப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவதைப் போலத்தான். தானியங்கி பம்ப் ஓடி ஓடி ஒருநாள் பேட்டரியைத் தீர்த்துவிடும். பம்ப் நிற்கும், கசிவு நிற்காது. அதோடு அந்தத் தண்ணீரில் ஆயில் கலந்திருந்தால் பம்ப் அதையும் கால்வாயில்தான் கொட்டும், அது குற்றம்.

கண்டுபிடிக்கும் முறை சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை போய், பஞ்சும் பழைய துண்டும் வைத்து அந்த அறையைச் சொட்டு இல்லாமல் துடைத்தெடுங்கள். கிளாண்டுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரியுங்கள். தளப்பலகையின் வடிகால் ஓரத்துக்குக் கீழே இன்னொன்று. வெந்நீர்த் தொட்டிக்கு அடியில் மூன்றாவது. அரைமணி நேரம் சும்மா விட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு என்ஜினைப் போட்டு நியூட்ரலில் சூடாக்கிவிட்டு, துறையை விட்டு வெளியே வந்து மெதுவாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கட்டிய இடத்திலேயே கியரில் போட்டு வைக்காதீர்கள், கரை அரித்துப்போகும், பக்கத்துப் படகுக்காரர் சும்மா இருக்க மாட்டார். எந்தத் தாள் நனைந்தது, எந்த நிலையில் நனைந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பச்சையாகவோ நீலமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் கூலன்ட்.

கிளாண்ட் என்றால் பயப்பட வேண்டாம். ஷாஃப்ட் சுற்றும்போது எப்போதாவது ஒரு சொட்டு விழுவது அதன் இயல்பு, அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது. என்ஜினை நிறுத்தியபிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் தவறு. அருகில் பித்தளையில் ஒரு கிரீஸ் கப் இருக்கும். தினமும் ஓட்டி முடித்து என்ஜினை அணைத்ததும் அதன் பிடியை, கைக்கு இறுக்கம் தெரியும்வரை திருகுங்கள். பெரும்பாலும் ஒரு சுற்று போதும். காலையில் திருகுவதைவிட இரவில் திருகுவது முக்கியம், ஏனென்றால் நீங்கள் தூங்கும்போதுதான் அது சொட்டும்.

அடுத்தது வீட் ஹாட்ச். விசிறிக்கு நேர் மேலே, பின்தளத்துக்கு அடியில், போல்ட்டு போட்டோ இறுக்குப்பிடி வைத்தோ மூடிய ஒரு பெட்டி. விசிறியில் குப்பை சுற்றிக்கொண்டால் கையை விட்டு எடுப்பதற்காக. சுற்றியது எப்படித் தெரியும்? த்ராட்டிலைக் கூட்டினால் என்ஜின் முக்கும், படகு நகராது, பின்னால் தண்ணீர் கறுப்பாகக் கொதிக்கும். சில நேரம் ஒரு நொடி ரிவர்ஸ் போட்டாலே பிளாஸ்டிக் பை கழன்றுவிடும். கழலவில்லை என்றால் ஓரம்கட்டுங்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபிறகுதான் மூடியைத் தொட வேண்டும். சாவி மைத்துனர் கையில்கூட இருக்கக் கூடாது. ரம்பக்கத்தி ஒன்று, கம்பி வெட்டும் கட்டர் ஒன்று, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. கயிறு, முள்கம்பி, மெத்தை உறை என்று எல்லாம் வரும்.

எடுத்தபிறகு மூடியைப் பொருத்துவதில்தான் ஆளை விழுங்கும் விஷயம் இருக்கிறது. மூடி சரியாக உட்காராவிட்டால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கியர் போட்டு வேகம் கூட்டியதும் விசிறி தள்ளும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே பீய்ச்சும். நீங்கள் அதற்கு மேலேயே நின்று சுக்கான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், என்ஜின் சத்தத்தில் காதில் விழாது. ஆகவே மூடியின் ரப்பர் வார் பிய்ந்திருக்கிறதா என்று கிளம்புமுன்பே பாருங்கள், ஒரு கீற்று உரிந்திருந்தாலும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறை மூடியபிறகும் கியரில் போட்டுவிட்டு, தளப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்தபிறகு புறப்படுங்கள்.

மூன்றாவது லாக், அதாவது இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மட்டம் மாற்றும் தொட்டி. உங்கள் வழியில் முதலில் பிரான்ஸ்டனில் ஆறு லாக் ஏறுவீர்கள், சுரங்கம் தாண்டி பக்பியில் ஏழு இறங்குவீர்கள். ஏறுவது தடுமாற்றம், இறங்குவது ஆபத்து. இறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு கல்மேடை தண்ணீருக்குள் மறைந்திருக்கும், அதுதான் சில். தண்ணீர் இறங்க இறங்க அது வெளியே தெரியும். உங்கள் பின்முனை அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்முனை தண்ணீரோடு கீழே போகும், பின்முனை மேலேயே நிற்கும். நிமிடக் கணக்குகூட இல்லை. பக்கச்சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், சுக்கான் உட்படப் படகு முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். 72 அடி லாக்கில் 57 அடிப் படகுக்கு இடம் தாராளம். தாராளமாக இருப்பதால்தான் கவனம் போய்விடுகிறது.

சோல்பரியின் மூன்று லாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை உண்டு, கோடையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அங்கே ஒரு குடும்பத்தின் படகு இப்படித் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். சுக்கான் பிடித்திருந்தவர் கரையில் இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் சமையலறையில் தட்டுகள் சரியும் சத்தம். பிறகு படகு முனகியது, இரும்பு முனகும் சத்தம் கேட்டால் மறக்காது. கீழ்க்கதவில் நின்ற அவருடைய மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, யாரும் சொல்லாமலே தடுப்புப் பல்லை எடுத்து, தண்ணீர் போகும் வழியை மூடும் ஷட்டரைப் பொத்தென்று விழவிட்டாள். தண்ணீர் வெளியேறுவது நின்றது. எதிர்ப்பக்கத்து ஷட்டரையும் வேறொருவர் மூடினார். அப்புறம் மேல்ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை ஏற்றினார்கள், படகு தானாக எழுந்தது. சுக்கான் மட்டும் அடிக்குழியிலிருந்து கழன்று போயிருந்தது.

அந்தப் பிள்ளை செய்ததுதான் முறை, அதே வரிசையில்: முதலில் கீழ்ஷட்டரை மூடு, பிறகு மேல்ஷட்டரைத் திற. கிளம்புமுன் மைத்துனரிடம் இதைச் சொல்லவைத்துக் கேளுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவர் கையில் ஷட்டரைத் திருகும் வின்ட்லாஸ் கைப்பிடி இருக்க வேண்டும், ஷட்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், செல்பேசி பையில் இருக்க வேண்டும். என்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது, விசில் ஒன்று கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது கயிற்றைக் கரைக்கட்டையில் முடிச்சுப் போடவே கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே வர வேண்டும். முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கும்.

ஏறும்போது: இந்த லாக்குகள் 14 அடி அகலம், இரண்டு படகு பக்கம்பக்கமாக நிற்கும். தனியாக நின்றால் தண்ணீர் உங்களை இங்கும் அங்கும் எறியும். படகு நிற்கிற பக்கத்துத் தரைஷட்டரை, அதாவது கரையில் உள்ள ஷட்டரை, முதலில், பாதி மட்டும் திறங்கள். அந்தத் தண்ணீர் படகுக்கு அடியில் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி உங்களை உங்கள் பக்கத்துச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். கதவிலேயே இருக்கும் ஷட்டர்களைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் அருவி நேராக உங்கள் முன்தளத்தில் கொட்டும். முன்முனை கதவுக் கட்டைக்கு அடியில் சிக்குகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். பின்னால் ஒரு படகு வந்தால் அவசரப்படாமல் சேர்ந்து போங்கள். தண்ணீரும் மிச்சம், ஆட்டமும் குறையும்.

மற்றவை சுருக்கமாக. பிளிஸ்வர்த் 3,076 கஜம், 1805இல் திறந்தது, இரண்டு நேரோபோட் தாராளமாக விலகிப் போகலாம். முக்கால் மணி நேரம் ஆகும். வலப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, எதிர்ப்படகின் விளக்கைப் பார்க்காமல் உங்கள் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். காற்றுக் குழாய்களுக்குக் கீழே தண்ணீர் கொட்டும், மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். பிரான்ஸ்டன் சுரங்கம் சிறியது என்றாலும் உள்ளே வளைவு இருக்கிறது, என் கணக்கில் அதுதான் இரண்டிலும் எரிச்சல் தருவது. சுக்கான் ஒரு காலைப் பொழுதில் பழகிவிடும். ரிவர்ஸில் சுக்கான் வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் த்ராட்டிலைக் கூட்டினால் பின்முனை அமுங்குமே தவிர வேகம் வராது, குறைத்தால்தான் ஓடும். மணலில் ஏறிவிட்டால் முன்னால் முட்டாதீர்கள், வந்த வழியே ரிவர்ஸ், ஆட்களை மறுபக்கம் போகச் சொல்லிக் கழியால் தள்ளுங்கள். ஆயில் எது என்று என்ஜின் கையேடு சொல்லும். விலை உயர்ந்தது வேண்டாம், 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இருட்டில் லாக் வேண்டவே வேண்டாம்.

டீசலை மறந்துவிடாதீர்கள். துறையில் நெடுநாள் சும்மா நின்ற படகின் தொட்டி அடியில் தண்ணீர் தேங்கும், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கறுப்புப் பாசி வளரும். தொட்டியின் அடியிலிருந்து கைப்பம்பில் கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு, கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர். துறையில் படகு அசையாமல் நின்றவரை அது அடியில் கிடக்கும். நீங்கள் ஓட்டி, படகு ஆடியதும் கலங்கி ஃபில்டருக்கு வரும். ஃபில்டர் இரண்டு உபரியாக வாங்குங்கள், காற்று எடுக்கும் திருகு எது என்று துறையிலேயே செய்து பழகுங்கள். பம்ப்செட் கடைக்காரருக்கு இதெல்லாம் கைவந்த கலை.

ஏழு நாள் கணக்கு சரிவராது. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுப்பது இங்கே எல்லோரும் போடும் கணக்கு. லிட்டில் வெனிஸ் வரை சுமார் 100 மைல், சுமார் 90 லாக். 63 மணி நேரம் வருகிறது. அக்டோபர் பகலில் ஒன்பது மணி நேரம் விடாமல் ஓட்டினால் இரண்டாவது நாளே யாராவது ஒருவர் களைப்பில் தவறு செய்வீர்கள்.


ஆல்பர்ட்டன்_கரை | புதன், மதியம் 1:05

ஃபிட்டர் அண்ணா சொன்னபிறகு என்ஜின் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. நான் நான்கைந்து ஆண்டாகத் தெற்குப் பாதியில்தான் சுற்றுகிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணா ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நான் ஐந்து, ஐந்தரைதான் சொல்வேன். மைத்துனர் உறவு நீடிக்க வேண்டும் அல்லவா? பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் டிரிங் பக்கம் வரை முதல் விடுப்பில் வந்து, அனுமதி உள்ள இடத்தில் கட்டிவிட்டு, அடுத்த வாரம் ரயிலில் வந்து தொடருங்கள். டிரிங், பெர்காம்ஸ்டெட், ஹெமல் எல்லாம் ரயில் வழியிலேயே இருக்கின்றன. ஆனால் நவம்பரைத் தாண்ட விடாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை மாற்றி மாற்றி மூடுவார்கள், இடையில் மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் (Canal & River Trust) அறிவிப்புகளைக் கிளம்பும் முன்தினம் மறுபடி பாருங்கள்.

டிரிங் உச்சியைத் தாண்டி கௌரோஸ்ட் லாக்கில் இறங்கத் தொடங்கியபிறகு கால்வாயின் குணம் மாறும். பல்போர்ன், கேட், கோல்ன் ஆறுகள் அங்கங்கே வந்து சேர்ந்து பிரிந்து போகும். மழை பெய்த மறுநாள் லாக் வாசலில் பக்கவாட்டில் தண்ணீர் இழுக்கும். நேராகக் குறிவைத்து நுழைந்தீர்களானால் சுவரில்தான் முட்டுவீர்கள். இழுப்பு வரும் பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குறிவைத்து, மிக மெதுவாகப் போகாமல், தேவையான வேகத்தோடு போங்கள். வேகம் இல்லாத படகுக்குச் சுக்கான் இல்லை.

விங்க்வெல்லில் சாலையை நிறுத்தித் திறக்கும் மின்சாரப் பாலம் ஒன்று உண்டு. அறக்கட்டளையின் பொதுச்சாவி இருந்தால்தான் திறக்கும். அதே சாவிதான் குடிதண்ணீர்க் குழாய்க்கும் கழிவுத்தொட்டி காலிசெய்யும் இடத்துக்கும். ஒரு மிதவையில் கோத்து, இரண்டு சாவி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்பது மணிக்கு முன் அந்தப் பாலத்தைத் திறந்தால் கார்க்காரர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

கௌலி லாக், எண் 89, அதுதான் உங்களுக்குக் கடைசி. அதன்பிறகு புல்ஸ் பிரிட்ஜில் இடப்பக்கம் திரும்பினால் லிட்டில் வெனிஸ் வரை ஒரு லாக்கும் கிடையாது. அங்கே வேலை விசிறிக்குத்தான். சவுத்தால் பக்கம் தண்ணீரில் தேங்காய் மிதக்கும், சாமிக்கு விட்டது. முழுத் தேங்காயால் பெரிய கேடு இல்லை, டங்கென்று தட்டிவிட்டுப் போகும். அதோடு சேர்த்து விடும் துணியும் பூச்சரமும்தான் விசிறியில் இறுகிக்கொள்ளும். நம்மவர்கள் கும்பிட்ட பட்டுத்துணியை நானே ரம்பக்கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறேன். அந்த நாலைந்து மைல், பாலத்துக்கு அடியில் போகும்போது மட்டும் நியூட்ரலில் போட்டு மிதந்து போவது என் பழக்கம். தூக்கி எறிந்ததெல்லாம் பாலத்தடியில்தான் கிடக்கும்.

வீட் ஹாட்சில் கைவிட்டபிறகு சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் இங்கேயும் உண்டு. வந்து சேர்ந்தபின் எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. நிலையான இடம் இல்லாத உரிமம் என்றால் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, தொடர்ந்து நகர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அந்த வகை உரிமத்துக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. லிட்டில் வெனிஸில் போய் இறங்கினால் இடம் காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆல்பர்ட்டனில் இடம் கிடைத்தால் கட்டிக்கொள்ளுங்கள், ஈலிங் ரோட்டில் முருங்கைக்காய் முதல் தோசைமாவு வரை நடந்து போய் வாங்கலாம்.


ஹாரோ_வாசி | ஞாயிறு, இரவு 8:30

இருவருக்கும் மிக்க நன்றி. விடுப்பைப் பன்னிரண்டு நாளாக மாற்றிவிட்டேன்.

நேற்று மைத்துனரோடு போய்த் தாள் விரித்துப் பார்த்தோம். வெந்நீர்த் தொட்டித் தாள் காய்ந்தபடியே இருந்தது. வடிகால் ஓரத் தாளில் கொஞ்சம் ஈரம், காலையில் மழை பெய்திருந்தது. கிளாண்டுக்குக் கீழே வைத்தது, என்ஜின் போடாமலே அரைமணி நேரத்தில் நடுவில் கிழிந்துவிட்டது. விநாடிக்கு ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் மூன்று நான்கு விநாடிக்கு ஒன்று. கிரீஸ் கப்பைத் திருகினால் நிற்கிறது, அரைமணி ஓட்டினால் மறுபடி தொடங்குகிறது. கிளாண்டின் இரண்டு நட்டுகளையும் இறுக்கலாம் என்று பார்த்தால் மரையே மிச்சம் இல்லை, தகடு உள்ளே போய் முட்டிவிட்டது. மைத்துனர், பம்ப்செட்டில் மாற்றுவது போல கிளாண்ட் கயிறு மாற்றினால் போதும் என்கிறார். படகு தண்ணீரில் இருக்கும்போதே செய்யலாமா, கரையேற்ற வேண்டுமா? வீட் ஹாட்ச் ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது, அதை மாற்றிவிட்டோம்.


தூத்துக்குடி_ஃபிட்டர் | திங்கள், காலை 6:05

மைத்துனர் சொல்வது சரி. அவரைச் சாவி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நம்பலாம்.

கரையேற்ற வேண்டாம், தண்ணீரிலேயே செய்யலாம். முதலில் கிரீஸ் கப்பை நன்றாகத் திருகி ஷாஃப்ட் குழாயைக் கிரீஸால் நிரப்புங்கள், அதுவே தண்ணீரைப் பெருமளவு தடுக்கும். பில்ஜ் பம்ப் (என்ஜின் அறைத் தண்ணீரை வெளியே விடுவது) வேலை செய்கிறதா, பேட்டரி நிறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்ஜின் சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நட்டுகளைக் கழற்றித் தகட்டைப் பின்னுக்கு இழுங்கள். பழைய கயிறு வளையம் வளையமாக இருக்கும், கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். கடைசி வளையத்தை எடுக்கும்போது தண்ணீர் மெல்லிய ஓட்டமாக வரும். அது இயல்பு, அதைப் பார்த்து யாரும் எழுந்து ஓட வேண்டாம். ஆனால் எல்லா வளையமும் வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஒன்றை விட்டுவிட்டு மேலே புதிதைத் திணிப்பவர்கள் அதிகம்.

புதிய கயிற்றை ஷாஃப்ட் மீதே சுற்றி, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடும்படி சாய்வாக வெட்டுங்கள். எல்லா வளையத்தையும் தொடங்குமுன்பே வெட்டி வரிசையாக வைத்துக்கொண்டால் தண்ணீர் வரும் நேரம் குறையும். போடும்போது ஒரு வளையத்தின் இணைப்பு மேலே என்றால் அடுத்ததன் இணைப்பு கீழேயோ பக்கவாட்டிலோ, ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. பிறகு இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, ஆறில் ஒரு பங்கு சுற்றாக, தகடு சாயாமல் இறுக்குங்கள். கையால் ஷாஃப்டைத் திருப்பினால் திரும்ப வேண்டும். சொட்டு முழுக்க நிற்கும்வரை இறுக்குவது பம்ப்செட் பழக்கம் அல்ல என்று மைத்துனருக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான், இறுக்கினால் ஷாஃப்டில் காடி விழுந்துவிடும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு என்ஜினை அணைத்து, கிளாண்டின் உடம்பில் கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே தளர்த்துங்கள். முதல் இரண்டு நாள் புதுக் கயிறு படியும், மாலைதோறும் ஒருமுறை பார்த்துத் தேவையானால் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கும்.

வடிகால் ஓரத்து ஈரம் மழைதான். வடிகாலில் இலை அடைத்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் சரியாகிவிடும்.


ஹாரோ_வாசி | திங்கள், காலை 9:15

மிக்க நன்றி அண்ணா. கயிறு என்ன தடிமன் வாங்குவது? மைத்துனர் 8 மி.மீ. இருக்கும் என்கிறார், பழையது நசுங்கிப்போய் 6 போல இருக்கிறது.


தூத்துக்குடி_ஃபிட்டர் | திங்கள், காலை 9:50

நசுங்கிய கயிற்றை அளக்காதீர்கள். தகட்டைப் பின்னுக்கு இழுத்தபிறகு ஷாஃப்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, கழற்றாத பழைய வளையத்துக்கு மேலேயே, வெர்னியரால் அளக்கலாம். ஷாஃப்டைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் என்ஜின் தாங்கிகள் அமுங்கியிருக்கலாம், அதை முதலில் சரிசெய்ய வேண்டும், எனக்கு எழுதுங்கள். ஒன்றாக இருந்தால் அந்த அளவு சதுரக் கயிறு, கிராஃபைட்டோ டெஃப்லானோ எது கிடைத்தாலும் சரி. கிரீஸ், ஸ்டெர்ன் டியூபுக்கு (ஷாஃப்ட் குழாய்) என்றே விற்பதை வாங்குங்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் தண்ணீரில் நிற்காது.